யாரும் படிப்பிக்காத பட்டதாரி

அமெரிக்காவின் பிளசன்டன் நகரில் யாழ்ப்பாணத்தார் கூடுகிற வீடுகளில் ஆட்களை அறிமுகம் செய்து வைக்க ஒரு முறை இருந்தது. பெயர் முதலில் வராது. ஊரும் வராது. பல்கலைக்கழகத்துக்குள் போவதற்கு ஊரில் எழுதிய ஏ.எல். பரீட்சையின் முடிவுதான் முதலில் வரும். "இவர் எழுவத்தெட்டு பட்ச். மூண்டு ஏ, ஒரு பி." அந்த மனிதருக்குத் தலையில் எண்ணிவிடக்கூடிய அளவு மயிர்தான் இருக்கும். பையில் கொலஸ்ட்ரோல் மாத்திரை இருக்கும். கலிபோர்னியாவில் இரண்டு வீடு வாங்கி விற்றிருப்பார். இருந்தும் பதினெட்டு வயதில் கிடைத்த நாலு எழுத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் இன்னும் திரிவார். அந்த 'பி' எப்படி வந்தது என்று விளக்கம் சொல்லவும் தயாராக இருப்பார். அம்மை போட்டிருந்ததாம்.

இந்தச் சபைக்குத் தலைவர் டொக்டர் பஞ்சலிங்கம். வைத்தியர் இல்லை, பொறியியலில் ஆராய்ச்சிப் பட்டம். லிவர்மோர் ஆய்வுகூடத்தில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் "அதெல்லாம் வெளியில சொல்லக் கூடாது" என்று கண்ணைச் சுருக்குவார். சொல்வதற்கு ஒன்றும் இல்லாததும் காரணமாக இருக்கலாம் என்பது சுவரோரம் இருந்து பார்க்கிற நேசமலரின் எண்ணம். ஆனால் ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தைந்தில் நாலு ஏ எடுத்ததைச் சொல்ல அவருக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

"கணக்கில தொண்ணூத்தேழு. மிச்ச மூண்டு மார்க்ஸ் எங்க போச்செண்டு இண்டைக்கும் யோசிக்கிறனான்" என்பார். முப்பத்துச் சொச்சம் வருடமாக அதே வசனம். ஒவ்வொரு முறையும் எல்லாரும் புதிதாகக் கேட்டதுபோலச் சிரிப்பார்கள். அவருடைய மனைவி வசந்தாமணி மட்டும் சிரிப்பதில்லை. அவள் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாள்.

நேசமலரை அறிமுகம் செய்ய யாருக்கும் எழுத்து அகப்படவில்லை. "இவ ஜனார்த்தனன்ர மனிசி" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்குப் பிறகு யாரும் அவளிடம் எதுவும் கேட்பதில்லை. அவளும் பேசுகிற ஆள் இல்லை. சுவரோரக் கதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். யார் யாருடைய வீட்டுத் தரையைக் காலால் தட்டிப் பார்க்கிறார், யார் மற்றவர் பிள்ளையின் பள்ளிக்கூடப் புள்ளியைக் கேட்டுவிட்டு முகம் கறுக்கிறார், எல்லாம் அவளுக்குத் தெரியும்.

அவள் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். பத்தாம் வகுப்புச் சோதனையில் கணிதத்துக்கு அதிவிசேட சித்தி. மேலே படிப்பதானால் பட்டணத்தில் இருந்த ரியூட்டரிக்குப் போக வேண்டும். தனியார் வகுப்பு, கொட்டிலில் நூறு பேர் நெருக்கி இருந்து படிப்பார்கள். தம்பிமார் இரண்டு பேரும் போக வேண்டியிருந்தது, வீட்டில் இருந்தது ஒரு சைக்கிள். அவ்வளவுதான் கதை. தம்பிமாரில் ஒருவன் இப்போது நோர்வேயில் மீன் வெட்டுகிறான், மற்றவன் லண்டனில் பெற்றோல் ஸ்டேஷனில் நிற்கிறான். சைக்கிள் நன்றாக உழைத்தது.

தொண்ணூற்று மூன்றில், மகள் துவாரகாவைப் பள்ளியில் சேர்த்த பிறகு, மலையடிவாரத்தில் இருந்த சமூகக் கல்லூரியில் நேசமலருக்கு ஒரு வேலை கிடைத்தது. பரீட்சை அறையில் காவல். இருபத்து நான்கு மேசை. வருகிறவரின் முகத்தையும் அடையாள அட்டைப் படத்தையும் ஒப்பிட வேண்டும். பையை வாங்கிப் பெட்டியில் பூட்ட வேண்டும். விதிகளை வாசிக்க வேண்டும். பிறகு மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்ப்பதற்குச் சம்பளமும் தருவார்கள் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. இரண்டே மாதத்தில், கண்ணைக் காகிதத்தில் வைத்துக்கொண்டே காதால் பார்த்து எழுதுகிறவன் யார் என்றுகூடக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டாள்.

அந்த அறைக்குச் சிலர் கல்லூரி மாணவர் அல்லாதவராகவே வந்தார்கள். ஒரு லொறிச் சாரதி உளவியல் எழுதினார். ஒரு தாதி இரசாயனம் எழுதினார். எங்கே படிக்கிறார்கள் என்று தன் மேலாளர் டோலரஸிடம் கேட்டாள்.

"எங்கேயும் இல்லை" என்றாள் டோலரஸ். "வகுப்புக்குப் போகாமலே பரீட்சை எழுதுகிறார்கள். பாஸானால் கிரெடிட். நூற்றிருபது கிரெடிட் சேர்ந்தால் கிழக்குக் கரையில் ஒரு மாநிலக் கல்லூரி பட்டம் தருகிறது. உனக்குத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள், எப்படித் தெரியும் என்று கேட்க மாட்டார்கள்."

நேசமலர் அன்று வீட்டுக்குப் போகும்போது திருப்பத்தைத் தவறவிட்டு அடுத்த ஊர் வரைக்கும் போய்த் திரும்பினாள்.

நாலு வருடத்துக்கு மேல் பிடித்தது. முதலில் பள்ளிப் படிப்புக்குச் சமமான சோதனை. பிறகு ஒவ்வொன்றாக மற்றவை. நூலகப் புத்தகத்தை மதிய இடைவேளையில் காருக்குள் இருந்து படித்தாள். தான் காவல் இருக்கிற அறையில் தானே எழுத டோலரஸ் விடவில்லை. ஒவ்வொரு பரீட்சைக்கும் மலை தாண்டி வேறொரு கல்லூரிக்குப் போனாள். அமெரிக்க வரலாறு முதல் தடவை பெயில். யார் யாரோடு எந்த வரிக்காகச் சண்டை போட்டார் என்பதில் அவளுக்குப் பெரிய அக்கறை பிறக்கவில்லை. கணக்குப் பக்கம் ஒருநாளும் தடுக்கவில்லை. பட்ட மேற்படிப்புக்குப் போகிறவர்கள் எழுதுகிற பெரிய கணக்குப் பரீட்சை ஒன்றிலேயே முப்பது கிரெடிட் எடுத்தாள்.

தொண்ணூற்றேழு கார்த்திகையில் பட்டம் தபாலில் வந்தது. கூடவே பெறுபேற்றுத் தாள். அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே 'பெற்றார்' என்று மட்டும் இருந்தது. தரம் இல்லை. சராசரி எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

ஜனார்த்தனன் நல்ல மனிதன், வாயில் எதுவும் நிற்காது. அடுத்த சனிக்கிழமையே சபையில் சொல்லிவிட்டான்.

"டிகிரியோ?" என்றார் பஞ்சலிங்கம். "எங்க கிளாசுக்குப் போனவ?"

"கிளாஸ் இல்லை அங்கிள். எக்ஸாம் மட்டும் எழுதி எடுத்தவ."

"கிளாசே இல்லாமலோ? அப்ப பேராதனை யூனிவர்சிற்றியில நாலு வருசம் மழைக்குள்ள குடையோட நடந்த நாங்களெல்லாம் விசரரோ?" சபை ஆர்ப்பரித்தது. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "தபால்ல வந்ததே? பீட்சா மாதிரி! அரை மணித்தியாலம் பிந்தினா டிகிரி ஃப்ரீயோ எண்டு கேட்டனீரே, ஜனா?"

ஜனார்த்தனனும் சிரித்தான். சிரிக்காமல் இருக்க அவனால் முடியாது. ஆய்வுகூடத்துக்குச் சாமான் கொடுக்கிற ஒரு கம்பனியில் அவன் வேலை செய்தான். அந்த வேலைக்கு பஞ்சலிங்கம் ஒரு வார்த்தை சொல்லி வைத்ததாகப் பேச்சு. அந்தப் பேச்சைப் பரப்பியவரும் பஞ்சலிங்கம்தான்.

நேசமலர் சுவரோரம் இருந்து யார் யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்தாள். மனனம் செய்து பாஸ் பண்ணிய கூட்டம், போன வருடத்து வினாத்தாளைச் சந்தையில் வாங்கிப் பாடமாக்கிய கூட்டம், பரீட்சையைப் பார்த்துச் சிரிக்கிறது. பரீட்சையைத் தவிர வேறு எதைக் கொண்டு இவர்கள் இங்கே வந்தார்கள்?

ஆனால் அவளுக்கு அதற்கு மேலே ஒன்று வேண்டியிருந்தது. பரீட்சை அறைக் கதவில் சின்னக் கண்ணாடி. அதற்கூடாகப் பார்த்தால் எதிர்ப்பக்க வகுப்பறை தெரியும். கரும்பலகை, ஆசிரியரின் கை, அசைகிற வாய். சத்தம் வராது. ஐந்து வருடமாக அவள் அந்த ஊமைப் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பலகைக்கு முன்னால் நின்று தான் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். யாரிடமும் சொல்லாத ஆசை. சமூகக் கல்லூரியில் படிப்பிக்க முதுகலைப் பட்டம் தேவை. மலைக்கு அந்தப் பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் முதுகலை இருந்தது. விண்ணப்பம் எடுத்து வந்தாள்.

எல்லாம் நிரப்பியாயிற்று. கடைசிப் பக்கம் இரண்டு பரிந்துரைக் கடிதம் கேட்டது. படிப்பைக் கண்ணால் கண்டவர்கள் எழுத வேண்டும். டோலரஸ் ஒன்று எழுதித் தந்தாள். இரண்டாவதுக்கு ஆள் இல்லை. பதினாறு வயதுக்குப் பிறகு அவளுக்கு யாரும் எதுவும் படிப்பித்ததில்லை.

"பஞ்சலிங்கம் அங்கிளிட்டக் கேப்பம்" என்றான் ஜனார்த்தனன்.

"என்னப்பா, பீட்சா எண்டு சிரிச்சவரிட்டயோ?"

"அவர் பகிடிக்குச் சொன்னவர். டொக்டரேட் வைச்சிருக்கிற ஒராள்தானே எங்களுக்குத் தெரியும்? ஒரு சைன் வைச்சா வெயிட்."

போனாள். அவர் மூன்று சனிக்கிழமை அலைய வைத்தார். முதல் சனி வீட்டில் விருந்தினர் இருந்தார்கள். இரண்டாம் சனி பிரிண்டரில் மை இல்லை. மூன்றாம் சனி முன்னறைச் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கேட்டார்.

"என்ன எழுத வேணும், பிள்ளை?"

"என்னை ஆறு வருசமாத் தெரியும், கணக்கில விருப்பம் எண்டு எழுதினாக் காணும் அங்கிள்."

"அதுதான் உங்களுக்கு விளங்காத விசயம். தெரியும் கிரியும் எண்டு எழுதினா வெள்ளைக்காரன் குப்பையில போட்டிடுவான். என்னட்டை ஒரு ஃபோர்மட் இருக்குது. ஒம்பது பேருக்குக் குடுத்தனான், ஒம்பது பேருக்கும் அட்மிஷன். நீர் இரும். அன்ரியோட கதையும்."

உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் ஒட்டிய உறையோடு வந்தார். ஒட்டுக்கு மேலே குறுக்காகக் கையெழுத்து. "திறக்கப்படாது. ரூல்ஸ்" என்றார்.

பரீட்சைக் காவல்காரிக்கு அவர் ரூல்ஸ் சொன்னார். நேசமலர் அந்த உறையை வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்க்கவில்லை. ஊர் வழக்கம் அவளுக்குத் தெரியும். பெரிய மனிதர் கையெழுத்து வைப்பது கேட்கிறவருக்காக இல்லை, தன் பெயரை ஒரு தடவை அழகாக எழுதிப் பார்க்க. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்கே முக்கியம் இல்லை. ஆனால் வாசிக்கிறவன் ஒருவன் இருப்பான் என்பதை அவர் மறந்துவிடுவார் என்று அவள் நினைக்கவில்லை.

சித்திரையில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அனுமதியும் இல்லை, மறுப்பும் இல்லை. உங்கள் கோப்பைப் பற்றிப் பேச வேண்டும், வாருங்கள்.

பேராசிரியர் கீட்டிங் அறுபது வயதுக்காரர். சட்டைப் பையில் சோக்குத் தூள். அவளுடைய கோப்பு மேசையில் திறந்திருந்தது.

"இந்தக் கல்லூரியைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை, தொலைபேசியில் விசாரித்தேன்" என்றார். "பட்டம் உண்மையானதுதான். ஆனால் தரம் இல்லை, சராசரி இல்லை. எங்கள் குழுவுக்குக் காட்ட ஓர் எண்கூட இல்லை. அதனால் கடிதங்களைக் கவனமாக வாசித்தேன்."

பஞ்சலிங்கத்தின் கடிதத்தை எடுத்தார்.

"நீங்கள் பிறந்தது அறுபத்து நான்கில்?"

"ஓம்... ஆம்."

"அறுபத்தெட்டாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் இவர் நடத்திய தூய கணித வகுப்பில் நூற்று நாற்பது மாணவரில் நீங்கள் முதலாவதாக வந்ததாக எழுதியிருக்கிறார். நாலு வயதில்."

அவர் சிரிக்கவில்லை. நேசமலருக்கு விளங்கிவிட்டது. ஒன்பது பேருக்குக் கொடுத்த அந்த ஃபோர்மட்! பேராதனை விடுமுறையில் ரியூட்டரியில் படிப்பித்த காலத்து மாணவன் யாருக்கோ எழுதியது. பெயரை மட்டும் மாற்றிவிட்டு மனிதர் பிரிண்டரில் எடுத்திருக்கிறார். வருடத்தைப் பார்க்கவில்லை. அவளை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருந்தால் வருடம் கண்ணில் பட்டிருக்கும். வகுப்பில்லாப் பட்டத்தைக் கேலி செய்த மனிதர், கடைசியில் அவளுக்கு ஒரு வகுப்பைத் தானே கட்டிக் கொடுத்திருந்தார்.

"தட்டச்சுப் பிழையாக இருக்கலாம்" என்றார் கீட்டிங். "எழுபத்தெட்டு என்று இருக்க வேண்டுமோ?"

தப்பிப் போக அவரே ஒரு கதவைத் திறந்துவிட்டார். ஓம் என்றால் போதும். எழுபத்தெட்டில் அவளுக்குப் பதினாலு வயது, நம்பலாம். கோப்பு குழுவுக்குப் போகும். இல்லை என்றால் பஞ்சலிங்கம் பொய்யர், அவரிடம் கடிதம் வாங்கியவள் பொய்க்காரி, ஜனார்த்தனனின் வேலைக்கு யார் என்ன வார்த்தை சொல்வார்களோ தெரியாது. நேசமலர் ஆயிரம் தடவை இந்த இடத்தைக் கண்டிருக்கிறாள், மேசைக்கு மற்றப் பக்கம் நின்று. உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தவனைப் பிடித்தால் அவன் முகம் இப்படித்தான் இருக்கும். முதலில் சொல்வது எப்போதும் "அது பழைய எழுத்து."

"தட்டச்சுப் பிழை இல்லை, ஐயா" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "பொய். அவர் எனக்குப் படிப்பிக்கவில்லை. உறை ஒட்டியிருந்தது, நான் வாசிக்கவில்லை. கேட்டது நான்தான்."

"அப்படியானால் யார் படிப்பித்தது?"

"யாரும் இல்லை."

கீட்டிங் கடிதத்தை மேசையில் வைத்தார். "இப்போது என்னிடம் இருப்பது ஒரு கடிதமும் எண் இல்லாத ஒரு தாளும். இதை வைத்துக்கொண்டு நான் குழுவில் என்ன சொல்வது?"

"பரீட்சை வையுங்கள்" என்றாள் நேசமலர். "இப்பவே எழுதுறன்."

அவர் இழுப்பறையைத் திறந்து, போன மார்கழியில் இறுதி வருட மாணவருக்கு வைத்த வினாத்தாளை எடுத்தார். ஐந்து கேள்வி, மூன்று மணித்தியாலம். பக்கத்துக் கூட்ட அறையில் அவளை இருத்திவிட்டு, தனக்கு ஒரு கூட்டம் இருக்கிறது, மூன்றரைக்கு வருவேன் என்று சொல்லிப் போய்விட்டார்.

நேசமலர் சுற்றிப் பார்த்தாள். மூன்று சுவரிலும் புத்தகம். அத்தனையும் புள்ளிவிபரவியல். கை நீட்டினால் விடை. பரீட்சை எழுதுகிறவளை இந்த அறையில் தனியே விட்டுவிட்டுப் போகிற மனிதர், இருபத்தைந்து வருடமாகப் பேராசிரியர்! இவர் வைத்த பரீட்சைகளில் எத்தனை பேர் எத்தனை புத்தகத்தைப் புரட்டினார்களோ.

எழுந்து வெளியே போனாள். காரியதரிசி லொரெய்ன் கணினிக்கு முன்னால் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"யாராவது வந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்" என்றாள் நேசமலர்.

"பயப்படாதே கண்ணு. அவர் உன்னை நம்புகிறார்."

"நம்பத் தேவையில்லை. நம்பி வாங்கிய கடிதம் ஒன்று ஏற்கனவே உள்ளே கிடக்கிறது."

லொரெய்னுக்கு விளங்கவில்லை. ஆனால் இந்த ஒல்லியான மனிசி நகருகிற மாதிரித் தெரியவில்லை. சாண்ட்விச்சோடு வந்து எதிரே இருந்தாள். நேசமலர் கைப்பையை அவளிடம் கொடுத்தாள், கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தாள், சாரதி அனுமதிப் பத்திரத்தை மேசையில் படம் மேலே பார்க்க வைத்தாள். எழுதத் தொடங்கினாள். பத்து நிமிடத்தில் நிமிர்ந்தால் லொரெய்ன் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நகத்தைப் பார்க்கக் கூடாது. என் கையைப் பாருங்கள்."

"மூன்று மணி நேரமுமா?"

"மூன்று மணி நேரமும். அதுதான் வேலை."

கீட்டிங் மூன்றரைக்கு வந்தபோது லொரெய்ன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு இருந்தாள். அவர் அங்கேயே நின்று திருத்தினார். மூன்று கேள்வி முழுதாகச் சரி. ஒன்று பாதியில் தவறியிருந்தது. மிச்ச ஒன்றும் சரி, ஆனால் அதற்கு ஒரு பக்கம் போதும், அவள் மூன்று பக்கம் எழுதியிருந்தாள்.

"இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டே" என்றார்.

"சொல்லித் தர ஆள் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்."

அவர் மூன்று பக்கத்தையும் இரண்டாம் முறை வாசித்தார். போன மார்கழியில் இருபத்தாறு பேர் எழுதியதில் இரண்டு பேர்தான் இதைவிடக் கூட எடுத்தார்கள் என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். "எண் கிடைத்துவிட்டது. கடிதம் இரண்டு வேண்டும் என்பது விதி. ஒன்றுதான் இருக்கிறது."

"படிப்பைக் கண்ணால் கண்டவர் எழுத வேண்டும். அவ்வளவுதானே?" என்றாள் லொரெய்ன். "மூன்று மணி நேரம் கண்ணெடுக்காமல் கண்டது நான்."

நாலு வரி அடித்தாள். இந்தப் பெண் என்னை இழுத்து வந்து காவலுக்கு இருத்தினாள், நகத்தைப் பார்த்ததற்குக் கண்டித்தாள், பதினைந்து வருடத்தில் இப்படி ஒருவரை இந்தத் துறையில் நான் காணவில்லை, கீழே என் கையெழுத்து. ஆராய்ச்சிப் பட்டம் எதுவும் இல்லாத ஒருத்தி எழுதிய அந்தக் கடிதத்தில் ஒரு பொய்கூட இல்லை.

அன்று பின்னேரம் நடந்ததை அவள் சொன்னதும் ஜனார்த்தனன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான். "நாலு வயசோ? ஐயோ. அங்கிளுக்குத் தெரிஞ்சா என்ர வேலை?"

"அவர் உங்களுக்கு எடுத்துத் தந்த வேலையெண்டா அவரே எடுக்கட்டும்" என்றாள் நேசமலர். "பாப்பம்."

ஆனியில் அனுமதி வந்தது. முதல் இரண்டு பாடத்திலும் 'பி'க்குக் குறையாமல் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. செய்தி அவளுக்கு முன்னால் சபைக்குப் போய்விட்டது. அவள் உள்ளே நுழையும்போது பஞ்சலிங்கம் ஒரு கையில் வடையோடு நடுவீட்டில் நின்றார்.

"பத்துக்குப் பத்து! என்ர ஃபோர்மட் ஒருநாளும் பிழைச்சதில்லை. டிகிரி எங்க எடுத்தாலும் லெட்டர் ஆரின்ரை? அதைத்தான் பாப்பினம்."

"தாங்க்ஸ் சொல்லும் மலர்" என்றான் ஜனார்த்தனன் மெல்ல. பழக்கம்.

நேசமலர் சுவரோரக் கதிரைக்குப் போகவில்லை. நின்ற இடத்தில் நின்றாள்.

"அங்கிள், நீங்கள் எனக்குக் கணக்குப் படிப்பிச்சதா, நூத்து நாப்பது பேரில நான் முதலாம் பிள்ளையா வந்ததா எழுதின வருசம் எனக்கு நாலு வயசு. அந்தக் கடிதத்தை ஃபைலில இருந்து எடுத்தாப் பிறகுதான் அட்மிஷன் தந்தவை."

குசினி வாசலில் ஒரு சிரிப்பு வெடித்தது. வசந்தாமணி. தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, முப்பது வருடத்துச் சிரிப்பைச் சேர்த்துச் சிரித்தாள். "நாலு வயசில... நூத்து நாப்பது பேரில... முதலாம் பிள்ளை! இஞ்சேருங்கோ, உங்களுக்குப் போன மூண்டு மார்க்ஸ் இவவிட்டத்தான் போயிருக்குது!"

பஞ்சலிங்கத்தின் முகம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஆனால் அவரைப் போன்றவர்களை வெட்கம் கொன்றதாகச் சரித்திரம் இல்லை. "அதுக்கென்ன பிள்ளை, அட்மிஷன் கிடைச்சதுதானே?" என்று வடையைக் கடித்தார். சாப்பாடு முடிவதற்குள், திகதியில் ஒரு சின்னப் பிழை இருந்ததாகவும் அவரே தொலைபேசி எடுத்து அதைச் சரிசெய்ததாகவும் மற்ற அறையில் கதை ஓடியது. எல்லாரும் நம்பினார்கள். நம்புவதற்குத்தானே வந்தார்கள்.

ஜனார்த்தனனின் வேலைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் சம்பளம் வந்தது. நல்லதோ கெட்டதோ ஒன்றைச் செய்து முடிக்கக்கூடிய ஆளாக பஞ்சலிங்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. அதற்காகவும் அவன் கொஞ்சம் கவலைப்பட்டான்.

சபைக்கு வேறு கேள்வி அகப்பட்டது. "எந்த யூனிவர்சிற்றி? ஸ்டேட்டோ? ஓ... பேர்க்லி இல்லையே."

புரட்டாதியில் முதல் வகுப்பு. நேசமலர் முன்வரிசையில் இருந்தாள். பதினெட்டு வருடம் காத்திருந்த வகுப்பு. கீட்டிங் இல்லை, இளம் விரிவுரையாளர் ஒருவர் வந்தார். பெயரைச் சொன்னார், திரும்பினார், பலகையோடு பேசத் தொடங்கினார். புத்தகத்தில் இரண்டாம் அத்தியாயம் எப்படி இருந்ததோ அப்படியே எழுதினார். அவள் அதைக் காருக்குள் இருந்து ஏற்கனவே படித்துவிட்டாள். சத்தம் வந்ததைத் தவிரக் கண்ணாடிக்கு ஊடாகப் பார்த்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சத்தமும் அவ்வளவாக வரவில்லை.

இதற்குப் போகவில்லை என்றுதானா அத்தனை சிரிப்பு?

நாற்பது நிமிடம் சென்றபோது அவர் மூன்றாவது வரியில் ஒரு குறியை மாற்றிப் போட்டார். நேசமலர் சுற்றிப் பார்த்தாள். நல்ல நல்ல பல்கலைக்கழகங்களில் நாலு வருடம் வகுப்புக்குப் போய் வந்த பதினெட்டுப் பேர். பதினெட்டுப் பேரும் குனிந்து அந்தப் பிழையைத் தெளிவான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். இன்னும் நாலு வரி பார்த்தாள். பிழை இறங்கிக்கொண்டே போனது. யாரும் நிமிரவில்லை.

அவள் கையைத் தூக்கினாள். அவர் பார்க்கவில்லை, பலகையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய், சோக்கை எடுத்து, மூன்றாவது வரியில் அந்தக் குறியைத் திருத்தினாள். திருத்திவிட்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். பதினெட்டு முகம் நிமிர்ந்து அவளைப் பார்த்தது.

"இங்கே இருந்து பிழை" என்றாள். "அதற்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டுங்கோ. ஏன் பிழை என்று சொல்கிறேன்."

விரிவுரையாளர் தள்ளி நின்று இடம் விட்டார்.